நாலு நாலாக

ஐம்பத்தொன்று என்று பலகையில் எழுதிவிட்டு நஜீபா சற்று நேரம் மார்க்கரை மூடாமல் நின்றாள். பிறகு அதன் பக்கத்திலேயே நாற்பத்தேழு, நாற்பத்து மூன்று, முப்பத்தொன்பது, முப்பத்தைந்து, முப்பத்தொன்று என்று மளமளவென்று எழுதி முடித்து, பின்னால் யாரோ நின்று படித்துவிட்டதைப் போலத் திரும்பிப் பார்த்தாள்.

பின்னால் சந்திரிகாதான் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காற்றாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். ராவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, ஈரத் தலையோடு நஜீபாவின் வீட்டு வகுப்புக்கு வந்திருந்தாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். லைன் லீடர் வேலைக்கு எஸ்.பி.எம். பள்ளியிறுதிப் பரீட்சையில் கணக்கு பாஸாகியிருக்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தோற்ற கணக்கை இப்போது காசு கட்டி மறுபடி படிக்கிறாள்.

"என்ன டீச்சர், இன்னைக்கு எறங்குமுகமா இருக்கு? போன வாரமெல்லாம் ஏறிக்கிட்டுல்ல இருந்துச்சு."

"ஏறினாலும் எறங்கினாலும் வழி ஒண்ணுதான். பொது வித்தியாசம் என்ன, சொல்லு."

"நாலு."

"வெறும் நாலா?"

"கொறையுதுல்ல. அப்ப மைனஸ் நாலு. எங்க சூப்பர்வைசர் மூஞ்சி மாரி, எப்பவும் மைனஸ்."

"சரி. ஒம்பதாவது எண் என்ன?"

சந்திரிகா விரலை மடக்கினாள். "இருபத்தேழு, இருபத்திமூணு, பத்தொம்பது. பத்தொம்பது டீச்சர். பாத்தீங்களா, வெரல்லயே வந்துருச்சு. இதுக்கு எதுக்கு இந்த n எல்லாம்?"

"தொண்ணூறாவது கேட்டா?"

"தொண்ணூறாவது வரைக்கும் எவன் இருக்கப் போறான்."

நஜீபா பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மார்க்கர் மை உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அதை இரண்டு முறை உதறினாள். "கவனி" என்றாள். "மொத எண்ணுல நிக்கும்போது நீ இன்னும் எங்கயும் நகரல. ரெண்டாவதுக்கு வந்தா ஒரு தடவ நகந்திருக்கே. மூணாவதுன்னா ரெண்டு தடவ. அப்ப n-ஆவதுல நிக்கும்போது எத்தன தடவ நகந்திருப்பே?"

"ஒண்ணு கொறைய. n மைனஸ் ஒண்ணு."

"அத்தன தடவ மைனஸ் நாலு. அதோட மொத எண்ணச் சேத்துக்க. எழுது."

சந்திரிகா நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு எழுதினாள். அடைப்பைப் பிரிக்கும்போது குறி தவறியது. நாற்பத்தேழு என்று வந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டாள். கடைசியில் 55 − 4n என்று வந்ததும் அதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டாள்.

அந்தக் கட்டத்துக்குள் இருந்ததை நஜீபா எட்டு மாதமாக மனத்தில் வைத்திருந்தாள். பலகையில் இருந்த ஆறும் அவள் கணவன் உதுமானின் சிறுநீரகம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை அரசாங்க கிளினிக்கில் சொன்ன எண்கள். முதல் முறை மட்டும் இருவரும் சேர்ந்து போனார்கள். இருபதுக்குக் கீழே போனால் அடுத்ததை யோசிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது காரில் நஜீபா, "அப்படிப் போனா என்னோடதுல ஒண்ண எடுத்துக்குங்க மச்சான், ரெண்ட வெச்சிக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்" என்றாள். உதுமான் முன்னால் போன லோரியைப் பார்த்து ஹார்ன் அடித்தார். அதற்குப் பிறகு அவரே தனியாகப் போய்வந்தார். காலையில் உனக்கு வகுப்பு இருக்கிறது, எதற்கு அலைச்சல் என்றார். வந்ததும் எண்ணைச் சொல்வார். ஒரு நாள் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது 55 − 4n என்ற அந்தப் பொது உறுப்பு தானாக அவள் தலைக்குள் வந்து நின்றது. ஒன்பதாவது முறையில்தான் பத்தொன்பது. அதுவரை காலம் இருக்கிறது. அன்றிலிருந்து அவள் உப்பைக் குறைத்தாள். காலையில் குரங்குகள் எழுவதற்கு முன் மலாவத்திக் குன்றின் மேல் ஏறி இறங்கினாள். ரத்த அழுத்தம் இருப்பவளிடம் சிறுநீரகம் வாங்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். யாரிடமும் சொல்லாமல் தன் உடம்பை அந்த ஒன்பதாவது உறுப்புக்குத் தயார்செய்துகொண்டிருந்தாள்.

இன்று ஏழாவது முறை. உதுமான் விடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளினிக் போயிருந்தார்.

"n-க்கு ஏழு போட்டா இருபத்தேழு. டான்னு வருது" என்றாள் சந்திரிகா. "ஒங்க கணக்கெல்லாம் எப்படி டீச்சர் இவ்ளோ அழகா முடியுது? எங்க ஃபேக்டரியில எந்த நம்பரும் இப்படி வராது. கையுறை தடிப்ப அளந்தா ஒண்ணு கூட இருக்கும், ஒண்ணு கொறைய இருக்கும். தண்ணி சூடு ஒரு நாளு நிக்கிற எடத்துல அடுத்த நாளு நிக்காது. பைத்தியம் புடிக்கும்."

"நெசத்துல இப்படி வராதுலா. இது நாம உக்காந்து உண்டாக்குறது. விடை உடையாம முழுசா வரணும்னு மொதல்லயே நெனச்சிக்கிட்டு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

எத்தனையோ வருடங்களாகக் கேள்வித்தாளுக்கு எண்களை உண்டாக்கியவள் அவள். பிள்ளைகள் பயப்படாத எண்ணாகத் தொடங்கி, வித்தியாசத்தைச் சின்னதாக வைத்து, நடுவில் எதுவும் துருத்தாமல் பார்த்துக்கொள்வாள். பலகையில் இருந்த ஆறு எண்களும் இப்போது அவளே உட்கார்ந்து உண்டாக்கியதைப் போல இருந்தன. உதுமானுக்குச் சர்க்கரை ஒரு மாதம் ஒன்பது, மறு மாதம் பதின்மூன்று. ரத்த அழுத்தம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நோன்பு மாதத்தில் எடை இறங்கும், பெருநாள் முடிந்தால் ஏறும். அந்த உடம்பில் இந்த ஓர் எண் மட்டும் எப்படி ஏறாமல், சறுக்காமல், மரியாதை தெரிந்த பிள்ளையைப் போல நாலு நாலாக இறங்கி வந்தது?

"டீச்சர், மொகம் ஏன் இப்படி ஆயிருச்சு? நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டேனா?"

"இல்ல சந்திரிகா. இன்னைக்கு இது போதும்."

"இன்னும் அர மணி நேரம் இருக்குலா."

"அடுத்த வாரம் சேத்துப் படிச்சிக்கலாம்."

"தூங்கச் சொன்னா நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்" என்று புத்தகங்களைப் பைக்குள் போட்டவள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்தாள். "தண்ணி குடிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நஜீபா தண்ணீர் குடிக்கவில்லை. பலகையைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் எண்கள் மங்கலாகத் தெரிந்ததால் மறுபடி துடைத்தாள். அரிசியை ஊறப் போட்டாள். ஊறப் போட்டதை மறந்து மறுபடி அரிசிப் பாத்திரத்தைத் திறந்தாள். கடைசியில் போனை எடுத்தாள்.

"மச்சான், வந்துட்டீங்களா?"

"கடைக்கு வந்துட்டேன். என்ன?"

"எவ்ளோ சொன்னாங்க?"

"கடையில ஆளு நிக்குது நஜீ. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"ஒரு நம்பர் சொல்ல எவ்ளோ நேரம் ஆவும்?"

"வந்து சொல்றேன் புள்ள" என்று வைத்துவிட்டார். பின்னணியில் தட்டுகள் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. ஆள் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

கார் சாவியைத் தேடி எடுப்பதற்குள் இரண்டு முறை அதன் மேலேயே கை வைத்து நகர்த்தியிருந்தாள். பெரிய சாலைக்கு வந்தால் முன்னால் செம்பனைக்குலை ஏற்றிய லோரி. வளைவுக்கு வளைவு சாய்ந்து, காய்களை உதிர்த்துக்கொண்டு, யாருக்கும் வழிவிடாமல் போனது. அதைத் தாண்டுவதற்கு இரண்டு முறை வெளியே எடுத்து இரண்டு முறையும் எதிரே வண்டி வர, உள்ளே வந்தாள். இருபத்தேழு என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. இருபத்தொன்பது என்று சொல்லட்டும். கொஞ்சம் ஏறியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லட்டும். ஏறாவிட்டால் போகிறது. இருபத்திரண்டாக இருக்கட்டும். பதினெட்டாகவே இருந்தாலும் அது அவருடைய ரத்தத்திலிருந்து வந்த எண்ணாக இருக்கும். இப்படி நினைத்ததும் அவளுக்கே உடம்பு கூசியது. கட்டிய கணவனுக்கு நோய் கூடியிருக்கட்டும் என்று ஒருத்தி நடுரோட்டில் வேண்டிக்கொள்வாளா? வேண்டிக்கொண்டாள். லோரி எண்ணெய் ஆலைக்குத் திரும்பும் வரை அதையேதான் வேண்டிக்கொண்டாள்.

உதுமானின் சாப்பாட்டுக் கடை பழைய டவுனில், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. மதியக் கூட்டம் இன்னும் வரவில்லை. உதுமானின் தம்பி லுக்மான் குழம்புத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நஜீபாவைப் பார்த்ததும், "வாங்க மச்சி" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் எதுவோ தீய்கிறதுபோல உள்ளே போனான். தண்ணி கலக்கும் ஃபாரூக், தேத்தாரே டீயைத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தவன், கையை நடுவில் நிறுத்தினான்.

"அக்காவுக்கு என்ன போடட்டும்?"

"ஒண்ணும் வேணாம் ஃபாரூக்."

கல்லாவுக்குப் பின்னால் உதுமான் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். அவருக்கு முன்னால் ஒரு சின்னத் தட்டில் சோறும் வெளிறிய பருப்பும் இருந்தன. கடையில் விற்கிற பருப்பு அந்த நிறத்தில் இருக்காது. யாரோ தனியாக வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நஜீபா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை.

"இங்க என்னத்துக்கு வந்தே? நாந்தான் வீட்டுக்கு வர்றேன்னேன்ல. உக்காரு. பாசிர் பெனம்பாங்ல இன்னைக்கு வாவல் நல்லா கெடச்சுது, ரெண்டு எடுத்து வெச்சிருக்கேன்."

"எவ்ளோ மச்சான்?"

"மீனா?"

"மீனில்ல."

அவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்ததை உருட்டி வாயில் போடாமல் தட்டிலேயே வைத்தார். "இருபத்தேழு" என்றார். "நாலுதான் எறங்கியிருக்கு. டாக்டரு ஒண்ணும் சொல்லல. அதே மருந்தத்தான் சாப்புடச் சொன்னாரு."

நஜீபா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் எதிர்பார்த்து வந்த எண்தான்.

"அடுத்தது இருபத்திமூணு" என்றாள். "அதுக்கடுத்தது பத்தொம்பது. நீங்க இனிமே கிளினிக்குக்குப் போக வேணாம். வீட்டுலயே இருங்க. நானே சொல்லிருவேன்."

உதுமான் சிரித்தார். "டீச்சர்ல்ல. சொல்லுவே."

"பத்தொம்பது வரும்போது என்ன செய்வீங்க? இருபதுக்குக் கீழ போனா என்ன செய்யணும்னு நான் ஒண்ணு சொல்லியிருக்கேன்ல. அப்ப இருபத்திமூணுலயே நிப்பாட்டிருவீங்களா, இல்ல கொஞ்சம் ஏத்தி விடுவீங்களா?"

சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் ஆளில்லாமல் இருந்தது. ஃபாரூக் குழாயைத் திறந்து, கழுவிய குவளைகளையே மறுபடி கழுவத் தொடங்கினான். உதுமான் எழுந்தார். "பின்னால வா" என்றார்.

கடைக்குப் பின்னால் பலகை போட்ட சின்ன மேடை ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது. காலி எரிவாயு உருளைகளும் மீன்பெட்டிகளும் கிடந்தன. ஆறு காப்பி நிறத்தில், கடலுக்குப் போகவா வேண்டாமா என்று யோசிப்பதுபோல நின்றிருந்தது. அவர் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"மொத ரெண்டும் நெசம்" என்றார். "அம்பத்தொண்ணு, நாப்பத்தேழு."

"மூணாவது?"

"முப்பத்தாறு."

"எனக்கு நாப்பத்திமூணுன்னு சொன்னீங்க."

"நாப்பத்தேழுன்னு வந்து சொன்னேனே, அன்னைக்கு நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? நாலுதானே மச்சான், பரவால்லன்னே. அன்னைக்குத்தான் தூங்கினே. அதுக்கு முந்தி எத்தன நாளு கட்டில்ல பொரண்டு பொரண்டு படுத்தே, நான் தூங்குறேன்னு நெனச்சிக்கிட்டு மூக்குக்கிட்ட கைய வெச்சிப் பாப்பே. எல்லாம் தெரியும். மூணாவது தடவ நான் வர்றேன், நீ கேட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கிறே. முப்பத்தாறுன்னுதான் சொல்ல வந்தேன். வாயில நாலு கொறைஞ்சுதான் வந்துச்சு. நாலுன்னா நீ தூங்குறே. அதையே வெச்சிக்கிட்டேன்."

"மாத்தியாச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். குரல் உடைந்து வகுப்பறைக் குரலாக வெளியே வந்தது. "ஒரு தடவ மூணு, ஒரு தடவ ஆறு. ஒரு தடவ ஏறிருச்சுன்னு. எனக்குச் சந்தேகமே வந்திருக்காது."

"நான் கணக்குல பெயிலு. நாலு நாலா கொறைக்கத்தான் தெரிஞ்சுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பைப் பார்த்து அவர் நிம்மதியாக மூச்சு விட்டதும் கோபம் வந்தது.

"லுக்மானுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஃபாரூக்குக்கு?"

"தண்ணி கலக்குறவனுக்குத் தெரியாம நான் எப்படித் தண்ணி குடிக்கிறது?"

"ஹிதாயாவுக்கு?" ராவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கும் மகளின் பெயரைச் சொல்லும்போது குரலை இறக்கினாள்.

"அவளுக்குத் தெரியாது. ஒனக்கும் அவளுக்கும்தான் தெரியாது."

"ஆமா. கடையில எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குத்தான் தெரியாது."

உதுமான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நாதியா ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனா. செருப்பத் தொடச்சி வெச்சிட்டுப் போனா ஒன் தங்கச்சி. சின்ன ஆப்பரேஷன்தான்னாங்க. தூக்கிக்கிட்டுத்தான் வந்தோம். நீ காருல எடுத்துக்குங்க மச்சான்னு சொன்னப்ப எனக்கு அந்தச் செருப்புத்தான் கண்ணுல வந்துச்சு. ஒன்ன நான் அங்க படுக்க வைக்க மாட்டேன் புள்ள."

"அத நான் முடிவு பண்ணணும். என் ஒடம்பு."

"கெட்டுப் போறது என் ஒடம்பு."

"அப்ப நான் தெனமும் மலை ஏறுனது எதுக்கு?"

"மலையா? என்ன மலை?"

அவருக்கும் தெரியாமல் ஒன்று வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதை இப்போது எடுத்து நீட்டப் பிடிக்கவில்லை.

"இப்ப எவ்ளோ?" என்றாள்.

ஒரு மீன்படகு பாலத்துக்குக் கீழே திரும்பி வரும் வரை அவர் காத்திருந்தார்.

"பதினொண்ணு."

ஐம்பத்தொன்றும் பதினொன்றும். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவளுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. எந்த மாதம் சறுக்கியது, எந்த மாதம் நின்றது, எந்த நாளில் கிளினிக் வாசலில் மோட்டாரை எடுக்காமல் இவர் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வர இன்னும் இருப்பதாக எண்ணியிருந்த எட்டு மாதமும் கையிலிருந்து போய்விட்டது. அவை ஒருபோதும் இருந்ததே இல்லை.

அவர் வலது கையால் இடது மணிக்கட்டின் பொத்தானை அவிழ்த்தார். சட்டைக்கையைச் சுருட்டினார். உள்ளே வெள்ளைக் கட்டு. போன வாரம் எண்ணெய் தெறித்துவிட்டது என்று சொன்னார். மருந்து தடவ வந்தவளைத் தொடவிடவில்லை.

"எண்ணெ இல்ல இது. சட்டி வாங்க கிள்ளானுக்குப் போறேன்னு சொன்னேன்ல, அன்னைக்குப் பண்ணினது. லுக்மான் கூட வந்தான். உள்ள ரெண்டு நரம்பச் சேத்துத் தச்சிருக்காங்க. ரத்தம் சுத்தம் பண்ற மெஷினுக்கு ஊசி குத்த வழி வேணுமாம். அது தயாராக கொஞ்ச நாளாவுமாம். அது வரைக்கும் ஓடுதா ஓடுதான்னு தெனமும் தொட்டுப் பாக்கணும்."

"யாரு தொட்டுப் பாக்குறா?"

"நாந்தான். ராத்திரியில பாத்ரூம்ல."

நஜீபா மீன்பெட்டியில் உட்கார்ந்தாள். "நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள். "எனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்க."

"நஜீ..."

"சேருதா சேரலையான்னு அவங்க சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க. நீங்க இனிமே ஒரு நம்பரும் சொல்லாதீங்க."

அவர் பக்கத்தில் இன்னொரு பெட்டியில் உட்கார்ந்தார். கையை மட்டும் அவள் பக்கம் நீட்டியபடியே வைத்திருந்தார். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கட்டுக்கு மேலே, தோல் வெறுமையாக இருந்த இடத்தில், இரண்டு விரலை வைத்தாள்.

நாடியைப் போலத் துடிக்கும் என்று நினைத்திருந்தாள். துடிப்பாக இருந்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். இது விட்டுவிட்டு வரவில்லை. தோலுக்கு அடியில் ஏதோ இடைவிடாமல் இரைந்துகொண்டு ஓடியது. காலுக்குக் கீழே பலகையும் மெல்ல அதிர்ந்தது, மீன்படகு மேடையை ஒட்டிக் கடந்துகொண்டிருந்தது. படகு போன பிறகும் விரலில் இரைச்சல் நிற்கவில்லை.

"மொதலாளி, ஆளு வந்திருக்கு" என்று உள்ளேயிருந்து ஃபாரூக் கூப்பிட்டான்.

உதுமான் எழப் பார்த்தார். அவள் விரலை எடுக்கவில்லை. அவர் மறுபடி உட்கார்ந்தார்.